சத்தம் போன புத்தகங்கள்

கண்ணா, நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் ஆரம்பிக்க எனக்குப் பொறுமை இல்லை. உன் கடிதம் வந்தது. வடக்கே குளிர் தொடங்கிவிட்டதும், ஆலையில் உனக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்ததும், வசந்தி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் தெரிந்து சந்தோஷம். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, "அவ பாடும்போது நான் மரம் மாதிரி உக்காந்திருக்கேம்மா. நல்லாயிருக்குன்னு சொல்லத் தெரியுது, ஏன் நல்லாயிருக்குன்னு சொல்லத் தெரியலை. நீதான் சங்கீதத்தைப் பத்தி அவ்வளவு புத்தகம் வச்சிருக்கியே, எதைப் படிக்கலாம்னு எழுது" என்று, அதைத்தான் ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். காது கேட்காத அம்மாவிடம் சங்கீதத்துக்கு வழி கேட்கிற பிள்ளை உலகத்தில் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய்.

சொல்கிறேன். சொல்வதென்ன, புத்தகங்களையே அனுப்பிவிடுகிறேன். இனி எனக்கு அவற்றால் பிரயோஜனம் இல்லை. இது உனக்குத் தெரியாது, யாருக்கும் நான் சொல்லவில்லை. காது போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. வெளியே ஒன்றும் கேட்காவிட்டாலும் எனக்குள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு பாட்டின் முதல் வரியை அச்சில் பார்த்தால் பாட்டு முழுவதும் தலைக்குள் ஓடும். நாகஸ்வரம் என்ற சொல்லைப் படித்தால் போதும், சீவாளியை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார்களே, அந்தப் பீப்பீ என்ற சத்தத்திலிருந்து ஆரம்பித்துவிடும். அந்த உள்சத்தம் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ராகமாக, ஒவ்வொரு குரலாகப் போகிறது. எது எப்போது போயிற்று என்றுகூட எனக்குத் தெரிவதில்லை. தேடிப் பார்க்கும்போதுதான் அந்த இடம் காலியாக இருப்பது தெரிகிறது. இதற்கு ஊசியும் இல்லை, டாக்டரும் இல்லை.

முதல் தடவை காது போனதற்கு ஊசிதான் காரணம். உனக்கு அப்போது எட்டு வயது. எனக்கு சயரோகம் என்றார்கள். உன்னை என் பக்கத்தில் விடவில்லை, வாசல்படிக்கு அந்தப் பக்கம் நின்று நீ பேசுவாய். புது மருந்து வந்திருக்கிறது, உயிர் நிற்கும், ஆனால் காது போனாலும் போகும் என்று டாக்டர் உன் அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். "காதை வச்சுக்கிட்டு சுடுகாட்டுலயா கேக்கப் போறேன், போடச் சொல்லுங்க" என்றேன். அவர் போய் டாக்டரிடம் தலையாட்டினார். ஊசி போடப் போட இருமல் குறைந்தது. காதில் முதலில் கொதிக்கிற அரிசிப் பானைச் சத்தம் மாதிரி ஓர் இரைச்சல் இருந்தது. அப்புறம் அந்த இரைச்சலும் இல்லை. பிழைத்து, ஸ்ரீரங்கத்தில் நம் அடையவளஞ்சான் தெரு வீட்டுக்குத் திரும்பி வந்தபோது பால்காரன் மணியடிப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு முன்பு நான் நன்றாகப் பாடுவேன். உறையூரில் எங்கள் தெருவில் நவராத்திரி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு சாயங்காலம் உன்னை மடியில் படுக்கவைத்துப் பழையபடி பாடினேன். எனக்குள்ளே அது சரியாகத்தான் கேட்டது, சுருதியோடு, கமகத்தோடு. குனிந்து உன் முகத்தைப் பார்த்தேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மா மனசு நோகக்கூடாதே என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தாய். பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டினால் பிள்ளைகள் முகம் எப்படிப் போகுமோ அப்படி இருந்தது. என் சுருதி எங்கே போய்விட்டது என்று உன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதோடு வாயை மூடினேன். நீ மறந்திருப்பாய். மறந்திருந்தால் நல்லது.

பாட முடியாது, கேட்க முடியாது, மிச்சம் இருந்தது படிப்பதுதான். உன் அப்பா பள்ளிக்கூடம் விட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற வழியில், தெப்பக்குளத்துக் கரையில் பழைய புத்தகம் விற்கிற பாயிடம் முதல் புத்தகத்தை வாங்கி வந்தார். அட்டை கிழிந்த சங்கீத விமரிசனப் புத்தகம். ஆசையாக எடுத்துவந்த மனுஷரை ஏன் நோகடிப்பானேன் என்று அப்போது ஒன்றும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன், அதைப் படிக்காதே. எந்த வித்வானைப் பற்றி எழுதினாலும் தேன், பால், பாகு, கற்கண்டு. சங்கீதக் கச்சேரிக்குப் போனாரா மளிகைக் கடைக்குப் போனாரா என்று சந்தேகம் வந்துவிடும். அந்த ஆசாமிக்கு ஒருத்தர் குரல் இன்னொருத்தர் குரல் மாதிரி இருக்காது என்பதே தெரியாது. இருந்தாலும் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன், ஏனென்றால் அந்தப் புத்தகத்தில் உனக்கும் ஒரு பங்கு உண்டு.

ராமநவமிப் பந்தலுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போவேனே, நினைவிருக்கிறதா? கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். நீ சின்னப் பையன், அதனால் என்னோடு உட்காரலாம். மடியில் சிலேட்டு, கையில் பலப்பம். மேடையில் நடப்பதை நீ எழுதிக் காட்டவேண்டும், நான் படிக்கவேண்டும். "இப்ப பிடில்காரர் வாசிக்கிறார். பாடறவர் சும்மா இருக்காரு." "மெதுவா ஆரம்பிச்சு வேகமா போறாரு, மூச்சே விடலை." "முன்னாடி இருக்கிற மாமா தூங்கறாரு, ஆனா தொடையிலே தாளம் போடறாரு." இந்த வரிகளைப் படித்தால் எனக்கு எல்லாம் கேட்டுவிடும். சங்கீதத்தைப் பற்றி நான் படித்ததிலேயே சிறந்த எழுத்து அந்தச் சிலேட்டில் இருந்ததுதான், எச்சில் தொட்டு அழித்து அழித்து எழுதியது. அப்புறம் ஒரு வருஷம், உனக்குப் பதினோரு வயசிருக்கும், திடீரென்று "குரல் தேன்மாரியாய்ப் பொழிந்து செவிகளைக் குளிர்வித்தது" என்று எழுதிக் காட்டினாய். நான் மேடையைப் பார்த்தேன். வித்வானுக்கு அன்று பயங்கர ஜலதோஷம். மூக்கைத் துண்டால் துடைக்கிறார், பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடிக்கிறார், மைக்கைத் தள்ளிவிட்டு இருமுகிறார். பிடில்காரர் பாவம் தாமே ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார். இங்கே சிலேட்டில் தேன்மாரி.

அடுத்த வரியும் அந்த அட்டை கிழிந்த புத்தகத்தில் இருந்துதான் வந்தது, பக்கம்கூட எனக்குத் தெரியும். உனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தெருவில் பசங்கள் பம்பரம் விடுகிற நேரத்தில், விரல் எல்லாம் வெள்ளையாக, அம்மாவுக்காக ஒரு பந்தலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அலுக்காது? அதனால் வீட்டில் அந்தப் புத்தகத்தைப் புரட்டி நாலு வரி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாய். நான் "ஆமாம்டா, நல்லா பாடறாரு" என்று தலையாட்டினேன். கொஞ்ச நாளில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்காரவேண்டிய வயசு உனக்கு வந்துவிட்டது. அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து நீ விட்ட பெருமூச்சை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கோபத்துக்காக இதை எழுதவில்லை. வசந்தியிடம் அந்த மாதிரி செய்யாதே என்பதற்காக எழுதுகிறேன். ஏன் நல்லாயிருக்கிறது என்று அவள் கேட்டால், தெரியவில்லை என்று சொல். புத்தகத்திலிருந்து ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் பாடுகிறவளுக்கு அடுத்த நிமிஷமே தெரிந்துவிடும்.

முதலில் நீ படிக்கவேண்டியது பெட்டியில் மேலாக வைத்திருக்கிற பச்சை அட்டைப் புத்தகம். ஒரு நாகஸ்வர வித்வானின் சரித்திரம். எழுதியவர் அவருக்கு ஒத்து ஊதினவர், அவர் மைத்துனரும்கூட. நாகஸ்வரக்காரர் ஆயிரம் ராகம் வாசிக்க, இவர் பக்கத்தில் நின்று வாழ்நாள் முழுக்க ஒரே சுரத்தை ஊதியிருக்கிறார். சங்கீதத்தைப் பற்றி அதில் பெரிதாக ஒன்றும் இராது. எந்த ஊரில் இட்லி நன்றாக இருந்தது, எந்த ஜங்ஷனில் கொசு கடித்தது, கல்யாண வீட்டில் ஆறிப்போன காபி கொடுத்தார்கள் என்று வித்வான் எப்படி முறைத்துக்கொண்டு வாசிக்கமாட்டேன் என்று உட்கார்ந்தார், இவைதான். ஓரிடத்தில் சாமி புறப்பாட்டின்போது மழை பிடித்துக்கொள்கிறது. கூட்டம் ஓடிவிடுகிறது. மூடியிருந்த ஒரு ஜவுளிக்கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று, தோடியைப் பாதியில் விட மனசில்லாமல் வித்வான் இவர் ஒருத்தருக்காக மட்டும் வாசிக்கிறார். மழை நின்றது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்குத் தோடி கேட்கும். பத்துத் தரம் படித்தால் பத்துத் தரமும் கேட்கும். போன வருஷம் ஆடியில் எடுத்துப் படித்தேன். மழை பெய்தது, கடை தெரிந்தது, அவர் கன்னம் உப்பியது தெரிந்தது. தோடி வரவில்லை.

அதற்கு முன்பே போனது சுரப்படுத்திய கீர்த்தனைப் புத்தகம். எல்லாரும் அதைப் பாடக் கற்றுக்கொள்ள வைத்திருப்பார்கள், நான் கதைப் புத்தகம் மாதிரி படித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சமையல் வேலை ஒழிந்ததும் அதைப் பிரித்தால் ஒரு கச்சேரி முடிந்துதான் மூடுவேன். ஸரிகம என்ற எழுத்துகள் கண்ணில் படும்போதே உள்ளே அசைந்து, வளைந்து, இழைந்து பாட்டாகிவிடும். ஒரு நாள் கரகரப்பிரியாவில் ஒரு பாட்டைப் பிரித்தேன். ஸ இருந்தது, ரி இருந்தது, க இருந்தது. எழுத்து எழுத்தாகவே நின்றது. கண் களைப்பு என்று நினைத்து முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். அடுத்த நாளும் பார்த்தேன். உன் அப்பா கணக்கு வாய்பாட்டுப் புத்தகத்தை எப்படிப் பார்ப்பாரோ அப்படி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் அழுத அழுகையை உன் அப்பா வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்தப் புத்தகம் வசந்திக்கு. அவளிடம் கொடுத்துவிடு, அவள் கையில் அது பேசும்.

மூன்றாவது, ஒரு நாடகப் பாட்டுக்காரி தன் கதையைத் தானே சொல்லி எழுதவைத்தது. வாய்க்கொழுப்புப் பிடித்த பொம்பளை, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராஜபார்ட் நடிகனோடு மேடையிலேயே போட்டிப்பாட்டில் மோதி, விடிகிறவரை ஜனங்களை எழுந்திருக்க விடாமல் அடித்ததை அவள் சொல்கிற அழகைப் படித்துப் பார். ஆனால் கடைசி அத்தியாயத்தைப் படிக்காதே. அதில் அவளுக்குக் குரல் போய்விடுகிறது. போனால் என்ன, என் நெஞ்சுக்குள்ளே பாடிக்கொண்டே இருக்கிறேன், அதை எவன் பறிக்கமுடியும் என்று முடிக்கிறாள். நானும் அதை நம்பினேன். எனக்குக் காது போன புதிதில் அந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, மனசு விட்டுப்போகும்போதெல்லாம் எடுத்துப் படிப்பேன். பொய் கண்ணா. அவளே பொய் சொன்னாளோ, எழுதினவர் சேர்த்தாரோ தெரியாது. பறிக்க எவனும் வரவேண்டியதில்லை, அது தானாகவே போய்விடுகிறது. சேர்த்து வைத்தால் நிற்கும் என்று நான் எவ்வளவு சேர்த்து வைத்தேன் தெரியுமா? ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு ராகத்தை உள்ளே பாடிப் பார்த்துத் துடைத்து வைப்பேன். வெள்ளி சாமானை எடுத்துப் பார்க்கிற மாதிரி. ஒன்றும் நிற்கவில்லை. அதனால் வசந்தி பாடும்போது அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று பேப்பரை விரித்துக்கொண்டு உட்காராதே.

இன்னொன்று இங்கிலீஷ் புத்தகம். ஏதோ குளிர் ஊரில் பியானோ சொல்லிக்கொடுத்த ஒரு வெள்ளைக்காரி எழுதியது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரியாததை அப்பாவிடம் கேட்டுக் கேட்டு, இரண்டு வருஷம் படித்தேன். அவளிடம் வந்த பிள்ளைகளின் விரல்களைப் பற்றித்தான் புத்தகம் முழுவதும். நகம் கடிக்கிற விரல், பயந்த விரல், மாவு பிசைந்துவிட்டு வந்த விரல். பியானோ என்பதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதனால் எனக்குள் இருந்து போவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. இப்போது மனசு நோகாமல் என்னால் படிக்க முடிவது அது ஒன்றுதான். அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

வசந்தியைப் பெண் பார்க்க உறையூருக்குப் போனோமே, அன்று நான் செய்த காரியத்தை நினைத்து நீங்கள் எல்லாரும் இன்றைக்கும் சிரிப்பீர்கள். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ஆனதும், பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா கேட்கவேண்டியதை வழக்கப்படி நான் கேட்டுவிட்டேன். "பொண்ணு பாடுமா? ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க!" என் சத்தம் எனக்குத் தெரியாது, தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். வசந்தியின் அம்மா உன் அப்பாவைப் பார்த்தார்கள், உன் அப்பா தரையைப் பார்த்தார். வசந்தி என்ன செய்தாள்? பாயிலிருந்து எழுந்து வந்து என் எதிரில், முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தபடி, வாயை நன்றாகத் திறந்து, எனக்குத் தெரிகிற மாதிரி தொடையில் தாளம் போட்டுப் பாடினாள். நீங்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். என் மருமகள் என்று நானும் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் எனக்கு அங்கே நடந்தது வேறு. உதட்டைப் பார்த்ததும் அது என்ன பாட்டு என்று தெரிந்தது. நானே நூறு தரம் பாடிய பாட்டு. வார்த்தை தெரிந்தது, தாளம் தெரிந்தது, சங்கதி எங்கே விழும் என்பதுகூட அவள் புருவத்தில் தெரிந்தது. மெட்டு வரும் என்று காத்திருந்தேன். பல்லவி போயிற்று, அனுபல்லவி போயிற்று. ஒரு பெண் என் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். "நீ நல்லா பாடினேம்மா" என்று சொல்லி அவள் தலையில் கை வைத்தேன். அவள் நம்பினாள். அவளிடம் நீ இதைச் சொல்லவேண்டாம்.

கல்யாணம் முடிந்து உங்களை ரயிலேற்ற ஜங்ஷனுக்கு வந்த நாளைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். எனக்குக் காது போனபோது உனக்கு எட்டு வயது, அதனால் என் தலைக்குள் உன் குரலுக்கு எப்போதும் எட்டு வயதுதான். வாசல்படிக்கு அந்தப் பக்கம் நின்று பேசின கீச்சுக்குரல். மீசை வந்த பிறகும் அதே குரல்தான். இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்து நீ பெரிய மனுஷனாய் ஏதாவது சொல்லுவாய், எனக்குப் பல் விழுந்த பையன் பேசுகிற மாதிரி கேட்கும், சிரித்துவிடுவேன். "ஏம்மா சிரிக்கறே" என்று கோபித்துக்கொள்வாய். தோடியும் கரகரப்பிரியாவும் போன பிறகும் அது என்னிடம் இருந்தது. இது போதும் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அம்மா, போயிட்டு வரேன்" என்றாய். உன் உதட்டில் அதை நான் படித்தேன். குரல் வரவில்லை. இன்னொரு தரம் சொல்லுடா என்று கேட்டேனே, நினைவிருக்கிறதா? நீ சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் சொன்னாய். அப்போதும் வரவில்லை. ரயில் கிளம்பிவிட்டது. இன்று வரை வரவில்லை, நான் தேடாத நாளும் இல்லை.

இந்தக் கடிதத்தை நானே போய்த் தபால் பெட்டியில் போடுவேன், உன் அப்பா கண்ணில் படாது. அன்று டாக்டரிடம் தலையாட்டியது அவர்தான். யார் வந்து என்னைப் பற்றி விசாரித்தாலும், "அவளுக்கு உள்ளே எல்லாம் கேக்குதுங்க, நம்மளைவிட நல்லாவே கேக்குது" என்று சொல்லுகிறார். உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன், நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லித்தான் அந்த மனுஷர் இத்தனை வருஷமாக ஒழுங்காகச் சோறு தின்கிறார். பிளாட்பாரத்திலும் உன் ரயில் போன திசையைக் காட்டி, பிறகு என் நெற்றியைத் தொட்டுக் காட்டி, கேட்டுச்சா என்று கேட்டார். கேட்டுச்சு என்றேன். நீ பொங்கலுக்கு வரும்போது அவர் எதிரில் என்னிடம் ஏதாவது பேசு. எதை வேண்டுமானாலும் பேசு. நான் சிரிப்பேன். ஏம்மா சிரிக்கறே என்று எப்போதும் போல் கோபித்துக்கொள்.

அம்மா